கம்பெனி பஸ்ஸில் ஏறிய பஞ்சாயத்துத் தேர்தல்

முதலில் சைரன். அப்புறம் காலி டிபன் டப்பாக்களுக்குள் ஸ்பூன் உருளும் சத்தம். அதற்கும் அப்புறம்தான் கேட்டுக்குள்ளிருந்து ஆட்கள் தெரிவார்கள். கம்பெனி பஸ் ஓட்டுகிறவன் தன் பயணிகளை முதலில் காதால்தான் பார்க்கிறான். கண்ணில் படுவதற்குள் பாதிப் பேர் நடந்துகொண்டே தூங்கியிருப்பார்கள்.

பதினேழு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. சாயங்காலம் மாமல்லபுரத்துப் பக்கத்துக் கிராமங்களில் ஆள் ஏற்றி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக மறைமலைநகரில் இறக்க வேண்டும். காலையில் அதே ஆட்களை அதே வழியில் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் டிரைவர் வண்டியிலேயே படுத்துத் தூங்கலாம். எனக்குத் தூக்கம் வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன், அந்த நேரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துத்தான் கொஞ்சம் எழுதவும் கற்றுக்கொண்டேன். படித்ததால் சந்தோஷம் கூடவில்லை, சந்தேகம்தான் கூடியது. அதில் ஒன்று, ஒவ்வொரு தடவையும் அப்பா போட்ட கட்சிக்கே நாம் ஏன் ஓட்டுப் போடுகிறோம் என்பது. உங்களுக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். வந்ததும் படுத்துத் தூங்கியிருப்பீர்கள். எனக்கு அந்த வசதி இல்லை.

வெயில் பக்கம்

என் பஸ்ஸில் இடது பக்க சீட்டுகள் ஒரு கட்சிக்கு, வலது பக்க சீட்டுகள் எதிர்க்கட்சிக்கு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எப்போதோ ஒருவர் இடது ஜன்னல் ஓரம் தன் தலைவர் படம் போட்ட காலண்டரை மாட்டினார். மறுநாளே வலது ஜன்னலில் இன்னொரு தலைவர் வந்துவிட்டார். காலண்டர்கள் கிழிந்து வருஷக்கணக்காகிறது, பிரிவினை மட்டும் நிலைத்துவிட்டது. நானும் அப்பா வழியில் இடது பக்கத்து ஆள்தான். டிரைவர் சீட் வலது பக்கம் இருப்பது என் குற்றமில்லை என்று எங்கள் கட்சிக்காரர்கள் என்னை மன்னித்திருந்தார்கள்.

காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போகும்போது வெயில் முழுக்க இடது பக்கம்தான் அடிக்கும். எங்கள் ஊர்க்காரனான லோகநாதன் வெல்டிங்கில் வேலை செய்கிறான். இரவெல்லாம் நெருப்புக்கு முன்னால் நின்றுவிட்டு வந்து, இடது பக்கம் நான்காவது சீட்டில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டு வரை வெந்துகொண்டே வருவான். ஒருநாள் வலது பக்கத்தில் ஆறு சீட் காலியாகக் கிடந்தது. "இப்படி நெழல்ல வந்து உக்காரேன்டா லோகு" என்றேன். துண்டை விலக்காமலே பதில் வந்தது: "எங்க நைனா காலத்துலர்ந்து நாங்க இந்தப் பக்கம்ணா. வெயில் அடிக்குதுன்னு எதிர்க்கட்சியில போய் குந்த முடியுமா?"

சின்னத்தைக் காணோம்

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. நிற்கிறவர்கள் எல்லாருக்கும் பூட்டு சாவி, கட்டில் என்று வீட்டுச் சாமான்களைத்தான் சின்னமாகக் கொடுப்பார்கள். யாருக்குப் பின்னால் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும், ஆனால் ஓட்டுச் சீட்டில் இருக்காது. போன தடவை கேன்டீன் சமையல்காரர் முனுசாமி அண்ணனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஓட்டுப் போடும் மறைப்புக்குள் போனவர் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்திருக்கிறார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். கடைசியில் அங்கிருந்தபடியே, "சார், அச்சடிச்சவன் எங்க சின்னத்த விட்டுட்டான்" என்று குரல் கொடுத்தார். தலைவர் பதவிக்கு ஆளைப் பார்த்துத்தான் போட வேண்டும் என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். முனுசாமி அண்ணன் எதிலும் குத்தாமல் மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

இதில் விசேஷம், அந்தச் சீட்டில் இரண்டாவதாக இருந்தது அவருடைய சொந்த மச்சான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இவர் தும்மினால் அவர் வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். "மச்சானுக்காவது போட்டிருக்கலாமேண்ணே" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கட்சி இன்னான்னு போட்டிருந்தா ஆள் எப்படின்னு கண்டுபிடிக்கலாம். வெறும் ஆள வெச்சிகினு ஆள எப்பிடிப்பா கண்டுபிடிக்கிறது?"

எந்த மேலிடம்?

இந்தத் தடவை விவகாரம் எங்கள் ஊரில். மெயின் ரோட்டிலிருந்து ஊர் ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. நடுவில் வாய்க்கால், அதன் மேல் பாதி இடிந்த சின்னப் பாலம். அதனால் பஸ் உள்ளே போகாது. வெயில் காலத்தில் ஆட்கள் வாய்க்காலில் இறங்கி ஏறி நடந்து வருவார்கள். மழைக்காலத்தில் அங்கே இடுப்பளவு தண்ணீர். போன மழையில் பேக்கிங்கில் வேலை செய்யும் கஸ்தூரி இரண்டு சாயங்காலம் தண்ணீருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். இந்தப் பக்கம் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனவன் நான்தான். அவளுக்குக் காண்ட்ராக்ட் வேலை. ஒரே மாதத்தில் மூன்று நாள் பஸ்ஸை விட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். வீடு ஓடுவது அவள் சம்பளத்தில். அடுத்த மழைக்குள் பாலத்துக்கு ஒரு வழி பிறக்காவிட்டால் அவளுக்கு வேலை இல்லை.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். பூட்டு சாவி தணிகாசலம், எங்கள் கட்சி. கட்டில் பார்வதி, டெய்லர், எதிர்க்கட்சிக் குடும்பம். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் காலையில் கட்டில் படத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பது அநியாயம் என்று தணிகாசலத்தின் ஆட்கள் புலம்பினார்கள். ஒருநாள் காலை இரண்டு பேருமே பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். கஸ்தூரி படியை விட்டு இறங்காமல் இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். "பாலத்துக்கு எந்த ஆபீஸ்ல போய் கேப்பீங்க?"

"மேலிடத்துல பேசிக்கலாம்மா" என்றார் தணிகாசலம்.

"எந்த மேலிடம்ணா?"

"மேலிடம்னா..." என்று அவர் ஒரு தடவை வானத்தைப் பார்த்தார். "மேலதாம்மா."

பார்வதி ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்தாள். "மொதல்ல ரோட்டு ஆபீஸ். அவங்க வாய்க்கால் எங்களுது இல்லன்னுவாங்க. வாய்க்கால் ஆபீஸுக்குப் போனா ரோடு எங்களுது இல்லன்னுவாங்க. மூணு தபா சுத்திட்டேன், எல்லாத்துக்கும் காப்பி கீது. பாலம் வந்துடும்னு சத்தியம் பண்ண மாட்டேன். எந்தக் கதவ தட்டணும்னு தெரியும், அவ்ளோதான்."

பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். லோகநாதன் இறங்கும்போது என் காதோரம் குனிந்தான். "அந்தக்கா சொல்றது சரியாத்தான் கீதுண்ணா. தப்பான கட்சி வாயிலர்ந்து வருது பாரு, அதான் பேஜாரா கீது."

அட்டை மறைப்பு

ஓட்டுப் போடும் நாளன்று ஆட்களை இறக்கிவிட்டு, குளிக்காமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கையில் சீட்டையும் முத்திரையையும் கொடுத்தார்கள். வழக்கமாக நான் மறைப்புக்குள் போய் வருவது, வாளியில் கை கழுவிவிட்டு வருகிற நேரம்தான் ஆகும். அன்றைக்கு நின்று யோசித்தேன். அப்பாவை நினைத்தேன். தணிகாசலம் பார்த்த வானத்தை நினைத்தேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கக்கூடிய என் ஹாரன் சத்தத்தை நினைத்தேன். கடைசியில் கட்டில் மேல் குத்தினேன். அப்பா பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

மை காயட்டும் என்று அட்டை மறைப்பில் நெற்றியைச் சாய்த்தேன். ஒரு நொடிதான் என்று நினைத்தேன். பதினேழு வருஷமாக வராத தூக்கம் அங்கே வந்துவிட்டது. வாசல் வரை வரிசை நின்றுபோய், யாரோ மறைப்பை விரலால் தட்டினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து அதிகாரியின் குரல் மெதுவாகக் கேட்டது: "ஐயா, உங்க ஓட்டுதான் ரகசியம். உங்க குறட்டை இல்ல."

பன்னிரண்டு ஓட்டு

தணிகாசலம் ஜெயித்தார். கண்ணை மூடிக்கொண்டு நான் போட்ட ஓட்டெல்லாம் பெரும்பாலும் ஜெயித்திருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்துப் போட்ட ஓட்டு தோற்றுப்போனது. கஸ்தூரி யாருக்குப் போட்டாள் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஜெயித்தது பன்னிரண்டே ஓட்டில். சுலபமாக ஜெயிக்க வேண்டிய ஊர் என்று எல்லாரும் சொல்லியிருந்ததால், அந்தப் பன்னிரண்டு தணிகாசலத்தைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. மூன்றாம் நாள் காலை பஸ் நிற்கும் இடத்தில் தனியாக நின்றார். வெற்றி மாலை உரசிய கழுத்தில் பவுடர் போட்டிருந்தார். கஸ்தூரி இறங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் கதவு எங்கம்மா கீது?" என்று கேட்டார். "பார்வதிக்காவ கேளுங்க" என்றாள் அவள். மறுவாரம் பார்வதியின் ஸ்கூட்டர் பின்னால், பிளாஸ்டிக் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு தணிகாசலம் போவதை ஊரே பார்த்தது. லோகநாதன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பல நடை நடந்தார்கள். பாலம் வரவில்லை. மழைக்கு முன்னால் வாய்க்காலில் இரண்டு பெரிய சிமெண்ட் பைப் இறக்கி, மேலே கிராவல் கொட்டிக் கொடுத்தார்கள். பஸ் போகாது, ஆள் போகலாம். ஐப்பசியில் முதல் பெருமழை அடித்த சாயங்காலம் மெயின் ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். கஸ்தூரி குடையோடு வந்து ஏறினாள். முட்டிக்கு மேலே புடவை நனையவில்லை. "நாம தோத்தாலும் காரியம் நடந்துடுச்சு பார்த்தியா" என்று அசட்டுத்தனமாகச் சொன்னேன். அவள் குடையை மடக்கித் தண்ணீரை என் பக்கமே உதறினாள். "பைப்பு பாலமில்லண்ணா. அடுத்த தபாவும் இதே கேள்விதான், ரெண்டு பேரையும் படிச்சிகினு வரச் சொல்லு."

கட்சியைப் பார்க்காமல் யோசித்து ஓட்டுப் போட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களிடம், எனக்கு ஒரு தோல்வியும் இரண்டு சிமெண்ட் பைப்பும் கிடைத்தன என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்து சீட்டுகளுக்கு அடியில் கிடக்கும் வேர்க்கடலைத் தோலைக் கூட்ட ஆரம்பிக்கிறேன்.