நாளும் மாதமும் கேட்ட கட்டம்

ரூத்பாயின் இடது கண்ணைப் பறித்தவன் நான்தான். ஆயுதம் எதுவும் தூக்கவில்லை... கைப்பேசியில் பிறந்த தேதி கேட்கும் ஒரு கட்டம் போதுமாயிருந்தது!

சிரிப்பு வருகிறதா? சிரியுங்கள். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் செயலி கோளாறே இல்லாமல் ஓடியது. நான் சொன்னதை அப்படியே செய்தது.

பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளின் வரலாற்றை எழுதிவருகிறவன் நான். தேதியில்லாத செய்தி எனக்கு வெறும் வதந்தி. எங்கள் சபையின் இலவசக் கண் முகாமுக்குப் பதிவுச் செயலி செய்தபோது, அதில் என்னென்ன கேட்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. செயலியை எழுதியவன் ஜெபின், திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை பார்ப்பவன்.

"சாரே, நாளும் மாசமும் அறியாதவிய நெறைய உண்டு. 'தெரியாது'ன்னு ஒரு பட்டன் வைக்கட்டா?"

"வேண்டாம் மக்கா. வச்சா எல்லாரும் அதத்தான் அமுக்குவினும்."

முகாமன்று காரோடு என்ற ஊரிலிருந்து ரூத்பாய் வந்தார். மீன் விற்பவர். ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டுமே இருந்தது. செயலி அடுத்த பக்கத்துக்கு நகர மறுத்தது.

"மாமி, ஏதெங்கிலும் ஒரு தேதி சொல்லுங்க. எல்லாரும் அப்பிடியாக்கும்" என்றாள் பதிவு செய்த பெண்.

"கண்ணு காட்ட வந்தவ கள்ளம் சொல்லணுமா? எனக்க அம்மைக்கே அறியாத்த தேதி, ஒனக்க போனுக்கு எதுக்கு பிள்ளே?"

வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "சர்டிபிகேட் எடுத்துட்டு அடுத்த முகாமுக்கு வாருங்க" என்றேன்.

ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி உள்ளே அனுப்பியிருக்கலாம். மருத்துவர் அடுத்த அறையில்தான் இருந்தார்! ஏன் செய்யவில்லை? விதி என்னுடையது... அவ்வளவுதான்.

மறு ஆண்டு முகாம் வருவதற்குள் கண் அழுத்த நோய் இடது கண்ணை முழுதாகத் தின்றுவிட்டிருந்தது. "போன வருஷமே வந்திருக்கலாமே" என்றார் மருத்துவர்.

"வந்தேன் டாக்டரே. அந்தப் போனாக்கும் சம்மதிக்காத்தது."

நான் அருகில்தான் நின்றேன்.

பின்னர் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். பாதி ஊர் ஜனவரி முதல் தேதியில் பிறந்திருந்தது! துல்லியத்துக்காக நான் வைத்த கட்டம், பொய்யை உள்ளே விட்டு, பொய் சொல்லாத ஒருவரை வாசலில் நிறுத்தியிருந்தது.

இப்போது செயலியில் 'தெரியாது' உண்டு. எழுத்தைப் பெரிதாக்கலாம், தமிழிலும் மலையாளத்திலும் அதுவே வாசித்துக் காட்டும். அதற்காகச் சபைக் கமிட்டி பாராட்டுக்கூட்டம் வைக்கிறது. நான் போகமாட்டேன். இதை எழுதினால் சபைக்குக் கேவலமாம். எழுதுவேன்! நாளை வேறொரு செயலியில் வேறொரு கட்டத்தைக் கட்டாயமாக்கப்போகும் நீங்கள் இதைப் படித்தே ஆகவேண்டும். 'பயன்படுத்தத் தெரியாதவர்கள்' என்று அவர்கள்மேல் பழிபோட்டுத் தப்பிக்க உங்களை விடமாட்டேன்.

சென்ற ஞாயிறு ஆலய வாசலில் ரூத்பாய் என் குரலைக் கேட்டுத் திரும்பினார்.

"சாரே, அந்தப் போனு இப்ப நல்லாயிட்டாமே. ஆரு சரியாக்கினது?"

"ஜெபின்" என்றேன்.

கெடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. உங்களிடம் இத்தனை உரக்கப் பேசுகிற நான்... அவரிடம் இன்னும் சொல்லவில்லை.