படக்கதையின் முப்பத்தோராம் பக்கம்

இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டு படிக்கும்போது ஆங்கிலப் பாடத்துக்கு எங்களுக்குப் படக்கதைப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். கட்டம் கட்டமாகப் படங்கள், படத்துக்குள்ளேயே பேச்சு. வெள்ளத்தில் வீடிழந்த ஒரு மீனவக் குடும்பத்தின் கதை. ஆரம்பக் கல்வியைத் தமிழ்ப்பள்ளியில் முடித்துப் போன எனக்கு அது பெரிய நிம்மதி. ஆங்கில வகுப்பில் அதுவரை நான் வாய் திறந்தது பெயர் கூப்பிடும்போது மட்டும்தான்.

அப்பாவுக்கோ அது அவமானம். செனாய் ஊரில் ஒரு தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "பதினாலு வயசுல படம் பார்க்கவா ஸ்கூலுக்குப் போற? இதுதான் இங்கிலீஷ் பாடமா?" என்றார். மறுநாள் அரைநாள் லீவு போட்டு, புத்தகத்தோடு பள்ளிக்கே வந்துவிட்டார்.

ஆசிரியை ஒரு சீனப் பெண்மணி. சண்டைக்கு வந்தவரிடம், "முதல்ல உட்காருங்க, பாடம் முடியட்டும், அப்புறம் திட்டுங்க" என்று மலாயில் சொல்லிக் கடைசி வரிசையில் நாற்காலி போட்டார். வகுப்பே திரும்பித் திரும்பிப் பார்த்தது. மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

அன்று முப்பத்தோராம் பக்கம். ஒரு சொல்கூடக் கிடையாது; அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் சாப்பாட்டைச் சுற்றி இருக்கும் ஒரே பெரிய படம். அடுத்த பக்கத்தில் அந்த அம்மா மயங்கி விழுவாள். ஏன் விழுந்தாள் என்று கேட்டார் ஆசிரியை. டவுன் பிள்ளைகள் சரளமாக அடுக்கினார்கள்: காய்ச்சல், கவலை, வெயில். என் புத்தகம் அப்பாவின் மடியில் இருந்ததால் நான் பக்கத்துப் பையனுடையதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தானாக உயர்ந்தது.

"டீச்சர், பீப்பிள் ஃபோர். பிளேட் த்ரீ. மதர் நோ பிளேட்."

யாரோ சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. விரலால் தட்டுகளை எண்ணினார், முன்பக்கங்களைப் புரட்டினார். அங்கேயும் சாப்பாட்டுப் படங்கள், அங்கேயும் அந்த அம்மாவின் கையில் கரண்டி மட்டும். "அலமாக்!" என்று மலாயில் வியந்தான் பக்கத்துப் பையன். "மூணு வருஷமா நடத்துறேன், இதை நான் கவனிச்சதே இல்லை" என்று ஆசிரியை ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. என்னை முன்னால் அழைத்து விளக்கச் சொன்னார். தப்புந்தவறுமான ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகக் காட்டினேன். கைத்தட்டல்! மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தேன். கடைசி வரிசையில் அப்பாவும் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

திட்ட வந்தவர் யாரையும் திட்டாமலே வேலைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு இரவு வீட்டில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா பரிமாறிக்கொண்டு நின்றார். அப்பா எழுந்துபோய் இன்னொரு தட்டை எடுத்துவந்து வைத்தார்.

"நீயும் உட்காரு."

"நான் அப்புறமா சாப்பிட்டுக்கிறேங்க."

"அப்புறம் கிடையாது. உட்காரு."

அம்மா ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தார். என் வெற்றியைக் கொண்டாடத்தான் அப்பா எல்லாரையும் ஒன்றாக உட்காரவைக்கிறார் என்று எண்ணி, இன்னொரு கோழித்துண்டு கேட்டு வாங்கிக்கொண்டு, வகுப்பில் நடந்ததை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.