நூற்றுக்கு நூறு வாங்கிய விரல்கள்

மயிலாப்பூரில், அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில் இருபத்தாறு வருஷம் ஸ்பெஷல் எஜுகேட்டராக இருந்தேன். அத்தனை வருஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெட்கப்பட்ட ரிப்போர்ட் ஒன்றே ஒன்றுதான்.

ஒரு கம்பெனி பத்து டேப்லெட்டும் ஒரு சயின்ஸ் ஆப்பும் தானமாகக் கொடுத்தது. பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த இளைஞர் அதுவரை ஒரு ஸ்பெஷல் ஸ்கூலுக்குள்ளும் கால் வைத்ததில்லையாம். அதை அவரே பெருமையாகச் சொன்னார். முதல் பாடம் சூடு, குளிர். "எது சூடு? தொடு" என்று டேப்லெட் கேட்கும். எரிகிற அடுப்புப் படத்தைத் தொட்டால் கைதட்டல், நட்சத்திரம்.

சைதாப்பேட்டை கௌரிக்கு அப்போது பதினாலு வயது. கைதட்டல் என்றால் உயிர். மூன்றே வாரத்தில் நூற்றுக்கு நூறு. 'கான்செப்ட் அச்சீவ்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய மேதை நான்.

அடுத்த திங்கட்கிழமை அவளை அம்மா கூட்டி வந்தார். கௌரியின் மூன்று விரல்களில் கட்டு.

"தோசக்கல்லு சூடாய்டுச்சான்னுதான் கேட்டேன் டீச்சர். தொட்டுட்டு, அழுதுகினே, கைதட்டுவேனான்னு என் மூஞ்சியப் பாக்குது. இன்னா சொல்லிக் குடுக்கறீங்க இங்க? இனிமே இவ வரமாட்டா."

கம்பெனிக்குப் போன் செய்தேன். அந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார்.

"ஆப் கரெக்டா வொர்க் ஆயிருக்கு மேடம். ஹாட் ஆப்ஜெக்ட்ட ஐடென்டிஃபை பண்ணியிருக்காங்க."

எங்கள் பள்ளியில் எந்தப் பிள்ளையும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவரை மட்டும் திட்டி என்ன? மூன்று வாரமும் பக்கத்தில் நின்று கூடவே கைதட்டியது நான்தானே.

கௌரி வீட்டுக்குப் போய்க் கெஞ்சி ஒரு மாசம் தவணை வாங்கினேன். அவர்கள் அடுப்பையே போனில் வீடியோ எடுத்தேன். அம்மா தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிறார். சொய்யென்று ஆவி கிளம்புகிறது. "சூடு, கைய எடு" என்று சொல்லித் தன் கையை இழுத்துக்கொள்கிறார். ஆப்பை அழித்துவிட்டு அதே டேப்லெட்டில் இதைத் தினமும் ஓடவிட்டேன். கௌரியும் கையை எடுத்தால் மட்டுமே கைதட்டல்.

மாசக் கடைசியில் கௌரியின் அம்மா முடிவு சொல்ல வந்திருந்த நேரத்தில், அந்த இளைஞரும் புது வெர்ஷனோடு வந்து சேர்ந்தார். ஆயா எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கக் கொதிக்க டீ கொண்டுவந்து வைத்தார். பேச்சு மும்முரத்தில் இளைஞர் பார்க்காமலே டம்ளருக்குக் கையை நீட்டினார். கௌரி அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

"சூடு. கைய எடு."

கைதட்டலுக்காக அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாளைக்கும் அனுப்புகிறேன் என்று அம்மா சொன்னார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, திரையில் வரும் மார்க்கை நம்பி ரிப்போர்ட் எழுதாதீர்கள். வீட்டு அடுப்பங்கரை வரை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் போகாததால் வெந்தவை மூன்று விரல்கள். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை.