ஆம்பூர் பக்கம் இறங்கிய ஹெலிகாப்டர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நடந்தது இது. ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கும், தோல் பதனிடும் ஒரு டேனரியில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். தோல்களை மருந்துத் தண்ணீரோடு போட்டு உருட்டும் பெரிய மர டிரம்கள், அவற்றைச் சுற்ற வைக்கும் மோட்டார், கியர்பாக்ஸ் எல்லாம் என் பொறுப்பு. இருபத்திரண்டு வருட சர்வீஸ். மிஷின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று நாலு பேரிடம் பீற்றிக்கொள்ளும் ஆள்.

காலை பத்தரை மணி இருக்கும். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ஹெலிகாப்டர்கள் எப்போதாவது எங்கள் தலைக்கு மேல் போகும். அன்றைக்கு வந்தது போகவில்லை. தாழ்ந்துகொண்டே வந்து, டேனரிக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் இறங்கிவிட்டது. கொக்கியில் காயப் போட்டிருந்த தோல்கள் காற்றில் பிய்த்துக்கொண்டு பறந்தன. வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினோம்.

உள்ளே இருந்து பைலட்டும், பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாவும், அவர் கணவரும் இறங்கினார்கள். மாலை ஆறு மணிக்கு பெங்களூரில் அவர்கள் மகளுக்கு நிச்சயதார்த்தமாம். பைலட் நிதானமாகத்தான் இருந்தார். கியர்பாக்ஸ் எண்ணெயில் இரும்புத் துணுக்கு இருப்பதாகக் காட்டும் விளக்கு எரிந்ததாம். எரிந்தால் உடனே பக்கத்தில் கிடைத்த இடத்தில் இறக்கிவிட வேண்டுமாம்.

"சத்தம் சுத்தமா தானே சார் இருந்துச்சு? நான் கேட்டேனே" என்றேன் நான். அவர் சிரித்துவிட்டு, போனை எடுத்துக் கம்பெனியைக் கூப்பிட்டார்.

டெக்னீஷியன் சென்னையிலிருந்து காரில் வரவேண்டும் என்றார்கள். எங்கள் முதலாளி, விருந்தாளிகளை ஆபீஸில் உட்கார வைத்து பிரியாணி வரவழைத்துக் கொடுத்தார். சரிசெய்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் பெங்களூர் போய்விடலாம் என்று அவர்களும் காத்திருந்தார்கள். இரண்டு மணிக்குக் கார் வந்தது. நான் எதிர்பார்த்தது என் வயதில் ஓர் ஆளை. இறங்கியது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். நீல நிற ஓவரால், தோளில் ஒரு டூல் பை.

வந்ததும் என்னிடம், "அண்ணா, சுத்தமான வெள்ளைப் பேப்பர் கிடைக்குமா?" என்று கேட்டார். எங்கள் கெமிக்கல் லேபிலிருந்து வடிதாள் எடுத்து வந்து கொடுத்தேன்.

மேலே ஏறி ஒரு மூடியைத் திறந்து, விரல் நீளத்துக்கு ஒரு பிளக்கைத் திருகி வெளியே எடுத்தார். ஒரு சொட்டு எண்ணெய் கீழே விழவில்லை. பிளக்கை எடுத்த உடனே உள்ளே ஒரு வால்வு தானாக மூடிக்கொள்ளுமாம். பிளக்கின் நுனியில் காந்தம். எண்ணெயில் இரும்பு மிதந்து வந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டால் கரெண்ட் பாய்ந்து பைலட் முன்னால் விளக்கு எரியும். இவ்வளவுதான் விஷயம். இருபத்திரண்டு வருடம் கியர்பாக்ஸோடு குடித்தனம் நடத்தியவன், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

வடிதாளில் துடைத்தார். மை போல, பூனை முடி போல ஏதோ சாம்பல் நிறத்தில் இருந்தது. "கியர் உரசும்போது தூள் வரத்தான் செய்யும்ணா. இது ஒண்ணும் இல்ல. செதிலா வந்தா தான் பயம்" என்றார். கையிலிருந்த டேப்லெட்டில் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிளக்கைச் சுத்தம் செய்து மாட்டினார். தரையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். பைலட் ஓட்டினார். விளக்கு எரியவில்லை.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் பைலட்டின் கையைக் குலுக்கினேன். பட்டுப்புடவை அம்மா, கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"மேடம், ஒரு நிமிஷம். இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் மறுபடியும் மேலே ஏறினார். மறுபடியும் பிளக்கை எடுத்து, புதிய தாளில் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பிடித்தார். முகம் மாறியது. பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பாதிக் கடுகு அளவுக்கு ஒரே ஒரு செதில். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போலப் பளபளத்தது.

"வண்டி இங்கிருந்து பறக்காது சார்" என்றார் பைலட்டிடம்.

அந்த அம்மாவின் கணவர் கொதித்துப் போனார். "லைட்டு தான் எரியலியே!"

"எரியணும்னா ரெண்டு முனையையும் தொடணும் சார். இது சின்னது, தொடல. அதனால எரியல. ஆனா அரை மணி நேரத்துல புதுசா ஒண்ணு உரிஞ்சு வந்துடுச்சே."

அந்த நேரத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இத்தனூண்டு துணுக்கு தானேம்மா? எங்க கியர்பாக்ஸ்ல இத விட ஜாஸ்தியா வரும். ஓடிக்கிட்டு தான் கீது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "உங்க டிரம் நின்னா தரையில நிக்கும்ணா. இது நின்னா?" என்றார்.

பிறகு அவருக்குப் போன் வந்தது. ஹெலிகாப்டர் கம்பெனியில் யாரோ பெரியவர். அந்தப் பக்கம் சத்தம் போடுவது எங்களுக்கே கேட்டது. அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. "ஆமா சார், லைட் வரல சார்... இல்ல சார், நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்." போனை வைத்த பிறகு ஒரு பாட்டில் தண்ணீரையும் மூச்சுவிடாமல் குடித்தார். பைலட் அவர் பக்கத்தில் வந்து நின்று, "அவங்க கையெழுத்து இல்லாம நானும் எடுக்க மாட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

கணவனும் மனைவியும் எங்கள் முதலாளியின் காரில் கோபத்தோடு கிளம்பினார்கள். அந்தப் பெண் செதிலை ஒரு சின்னக் கவரில் போட்டு, தேதியும் நேரமும் எழுதி ஒட்டினார். அடுத்த இரண்டு நாளும் ஹெலிகாப்டரின் விசிறிகளைக் கழற்றி, அதை லாரியில் ஏற்றி அனுப்பும்வரை கூடவே நின்றார். நானும் ஒத்தாசை செய்தேன். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தது என்று எழுதி வைத்த ஒழுங்கை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினார். பிரித்துப் பார்த்த கியர்பாக்ஸுக்குள் ஒரு பேரிங். அதில் குண்டுகள் உருளும் தடம், கல்லில் ஒட்டிய தோசையைப் பிய்த்தது போல உரிந்திருந்தது. கூடவே ஒரு வரி: "இன்னும் எவ்ளோ நேரம் தாங்கியிருக்கும்னு யாருக்கும் தெரியாதுண்ணா."

அன்று மதியமே மூன்றாம் நம்பர் டிரம்மின் கியர்பாக்ஸ் எண்ணெயை இறக்கினேன். அதுவரை பழைய எண்ணெயைப் பார்க்காமலே கேனில் ஊற்றி மூடிவிடுவதுதான் என் வழக்கம். அன்று வெள்ளைத் துணியில் வடிகட்டி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதன் மேல் நகர்த்தினேன். கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு செதில்கள் வந்து ஒட்டின. திறந்து பார்த்தால் கியரின் ஒரு பல் பாதி வெடித்திருந்தது. தோலை அள்ள ஆட்கள் தினமும் இறங்கும் டிரம் அது. கியர் விட்டுப்போனால், ஆள் உள்ளே இருக்கும்போதே உருண்டுவிடும். சத்தம் கேட்டே சொல்லிவிடுவேன் என்று பீற்றிய எனக்கு, அது ஒரு நாளும் சத்தம் கொடுத்ததே இல்லை. இரண்டு நாள் டிரம்மை நிறுத்தினேன். முதலாளி முதலில் முகம் சுளித்தார். உடைந்த பல்லைக் காட்டியதும் புது கியருக்கு ஆர்டர் போடச் சொன்னார்.

அந்தப் பெண்ணின் படிப்பையும் கருவியையும் நான் மதிக்கிறேன். அதைவிட, விளக்கு எரியாமல் ஊரே கைதட்டிக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே இன்னொரு தடவை ஏறிப் பார்த்தாரே, அந்த மனசைத்தான் இந்த வயதில் நான் பழகிக்கொண்டிருக்கிறேன்.