தாழ்ந்த வயலுக்கு வந்த வண்டல்

வெள்ளாறு கடலைச் சேரும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது என் மூத்த ஓரகத்தியின் வயல். ஊரிலேயே தாழ்ந்த வயல் அதுதான். கார்த்திகை மழையில் மூழ்கினால் வடிய வழியில்லாமல் பயிர் அழுகிவிடும். இலுப்பூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு இதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். எங்கள் ஊரில் தண்ணீருக்குத் தவம் கிடப்போம். இங்கே அதை விரட்டத் தெரியாமல் விழிக்கிறார்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவள் கணவர், இறால் பண்ணைக்கு விற்றுவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டார். அக்கா ஒரே ஒரு போகம் அவகாசம் கேட்டாள். கேட்டவள் அந்தப் போகம் நெல்லே நடவில்லை. ஆற்றுக்கரையை வெட்டிச் சின்ன மதகு கட்டி, அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகளைச் செருகினாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

மழைவெள்ளம் செக்கச்செவேலென்று கலங்கி வரும். கடல் ஏறும் நேரத்தில் போக வழியின்றி ஆற்றில் தேங்கி உயரும். அப்போது அக்கா ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். உப்புக் கரித்தால் மதகைத் தொட மாட்டாள். கரிக்காவிட்டால் வயலுக்குள் விட்டு அடைத்துவிடுவாள். வண்டல் படிந்த பிறகு, கடல் வற்றும் நேரம் பார்த்து, மேலிருந்து ஒவ்வொரு பலகையாக எடுத்துத் தெளிந்த தண்ணீரை மட்டும் வெளியே அனுப்புவாள். மழைக்காலம் முழுக்க இதே வேலை. பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கப் பொறுக்காத எனக்கு அவளைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். மார்கழிக்குள் வயல் நாலு விரல் உயர்ந்திருந்தது.

அப்போதுதான் விற்பனையை முடிக்க அக்காவின் கணவர் லீவில் வந்தார். வாங்குகிறவர்கள் பார்க்க வருமுன் தண்ணீரை வடித்துவிட நினைத்து, அத்தனை பலகையையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டார். படிந்த வண்டல் கலங்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடியது.

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதகு வாயிலேயே உட்கார்ந்து, முதுகால் தண்ணீரை மறித்தாள்.

"பலகையக் குடுங்க!"

நான் ஓடினேன். அதற்குள் அவர் பேன்ட்டோடு குதித்துவிட்டார். அவளுக்கு இரண்டு பக்கமும் பிதுங்கி வழிந்த சேற்றைக் கையால் அள்ளி அள்ளி உள்ளே தள்ளியபடியே, விற்க வந்த அந்த மனிதர் என்னைப் பார்த்து அலறினார்:

"அங்கிட்டு சாக்கு கெடக்கு, எடுத்துட்டு ஓடியாம்மா! நம்ம மண்ணு போகுது!"