ஆயுத பூஜையும் வளைந்த வேர்களும்

ஆயுத பூஜை லீவு முடிந்து திங்கட்கிழமை காலை லேபுக்குள் போனேன். வைதேகி மேடம், நாற்று வளர்க்கிற குரோத் சேம்பர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியிலும் பக்கத்திலும் நெல் முளைத்த தட்டுகள்.

“அண்ணே, என் விதை கலந்துபோச்சு” என்றார்.

நான் அப்போது டி.ஆர்.எம்., அதாவது தினக்கூலி மஜ்தூர். வீடு அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில். காலை ஃபெர்ரி பிடித்து சாத்தாம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் எங்கள் விவசாய ஆராய்ச்சி நிலையம். படிப்பு எட்டாவதோடு சரி. கண்ணாடிச் சாமான் கழுவுவது, விதை முளைக்கப் போடும் ஜெல்லியான மீடியாவைக் காய்ச்சுவது, சேம்பரில் லைட் எரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. என்னைப் பர்மனென்ட் ஆக்கும் ஃபைல் அந்த மாதம்தான் மேலே போயிருந்தது. முருகன் புண்ணியத்தில் நல்லபடி வரவேண்டும் என்று வீட்டில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டிருந்தோம்.

மேடம் திருவாரூர்ப் பக்கம். டாக்டர் பட்டத்துக்காக இங்கே வந்தவர். சுனாமியில் உப்புத் தண்ணீர் ஏறிய வயல்களில் நெல் வேர் ஏன் ஆழமாக இறங்கவில்லை என்பதில் ஆரம்பித்து, வேரின் செல்லுக்குள் நடக்கிற சங்கதிக்குப் போய்விட்டார். எனக்குப் புரிகிற மாதிரி ஒருநாள் சொன்னார். வேர் நுனிக்குக் கீழ்ப்பக்கம் எது என்று தெரியுமாம். தெரிந்ததும் செல்லுக்குள் ஒரு புரோட்டீன் இன்னொரு புரோட்டீன்மேல் பாஸ்பேட் என்கிற பொடித்துண்டை ஒட்டிவிடும். ஒட்டப்பட்டது விழித்துக்கொண்டு அடுத்ததற்குத் தாக்கல் சொல்லும். கடைசியில் வளர்ச்சி ஹார்மோன் வேரின் கீழ்ப்பக்கமாகத் திரும்பும். அது சேர்ந்த பக்கம் வளர்ச்சி மெதுவாகும், மேல்பக்கம் நீளும், வேர் கீழே பார்த்து வளையும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இத்தனை ஏற்பாடு செய்து வைத்தவனை நினைத்து நான் அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். மேடம் சிரித்தார்.

அவரிடம் இரண்டு வகை நெல் இருந்தது. ஒன்று சாதா. இன்னொன்றில் அந்தத் தாக்கல் சொல்லும் புரோட்டீன்களில் ஒன்று வேலை செய்யாது. இரண்டையும் ஜெல்லி ஊற்றிய சதுரத் தட்டுகளில் விதைத்து, ரேக்கில் செங்குத்தாக நிறுத்தி வைப்பார். லீவுக்கு முன் அப்படி வைத்ததுதான் கடைசி பேட்ச். அளந்து முடித்துவிட்டு, தீபாவளிக்கு ஊர் போகக் கப்பல் டிக்கெட்டும் எடுத்திருந்தார்.

இப்போது சாதா நெல்லிலேயே சில தட்டில் வேர் நேராக இருந்தது, சில தட்டில் ‘ட’ மாதிரி மடங்கியிருந்தது. ஒரே விதை இரண்டு விதமாக வளராது, எங்கோ கவரில் கலந்திருக்கிறது, அப்படியானால் இதற்கு முன் எடுத்த கணக்கெல்லாம்கூடச் செல்லாது என்பது அவர் முடிவு. மெயின்லேண்டில் இருக்கும் தன் புரொஃபசருக்கு அப்படியே எழுதப்போவதாகச் சொன்னார்.

அந்த மடங்கலைப் பார்த்ததும் எனக்கு நான் செய்த பூஜை ஞாபகம் வந்தது.

லீவுக்கு முந்தின நாள் சாயங்காலம் டிரைவர்கள் ஜீப்புக்குப் பொட்டு வைத்தார்கள். நான் லேபில் மைக்ராஸ்கோப், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துவிட்டு, சேம்பரை மட்டும் விட மனசில்லாமல் தட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். ரேக்கைத் துடைத்து விபூதி பூசி, தட்டுகளைத் திரும்ப நிறுத்தினேன். மூடியில் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. சதுரத் தட்டு, நாலு பக்கமும் ஒரே மாதிரி. ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது. எந்தப் பக்கம் கீழே இருந்தது என்று யார் பார்த்தது?

அந்தத் திங்கட்கிழமை மேடத்திடம் இதை நான் சொல்லவில்லை. கூட வேலை செய்த தாஸ் தாதாவிடம் மட்டும் சொன்னேன். அவர் பெங்காலி, எங்களோடு பழகி அரைத் தமிழ் பேசுவார்.

“சுப் ரஹோ பாய், சும்மா இரு. உன் ஃபைல் மேலே இருக்கு. இப்போ வாய் திறந்தா காம் கதம், வேலை போச்சு. மேடம் படிச்ச ஆளு, அவங்களே கண்டுபிடிக்கும்.”

அது எனக்கு வசதியாக இருந்தது. செவ்வாயும் பேசாமல் இருந்தேன். மேடம் இரண்டு நாளும் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை. விதைக் கவர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, தான் எங்கே தப்பு செய்தோம் என்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். புதன்கிழமை காலை பூஜையில் உட்கார்ந்தால் ‘முருகா’ என்று சொல்ல வாய் வரவில்லை. குளித்து விபூதி பூசிய நெற்றியோடு ஒருத்தியின் உழைப்பைக் குப்பையில் தள்ளப் பார்க்கிறேனே என்று இருந்தது.

லேபுக்குப் போனபோது மேடம் புரொஃபசருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“மேடம், விதை கலக்கல. பூஜைக்கு ரேக்கைத் துடைக்கத் தட்டை எல்லாம் எடுத்தேன். திருப்பி வெக்கும்போது பக்கம் மாத்தி வெச்சுட்டேன் போல.”

அவர் என்னையே பார்த்தார். “எந்தெந்தத் தட்டு?”

“தெரியல மேடம்.”

எழுந்து சாதா நெல் தட்டுகளை வரிசையாக வைத்து ஸ்கேலால் அளந்தார். மடங்கிய வேர்களில் மடங்கல் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தது. நான் தட்டைத் திருப்பிய சாயங்காலம் வேர் எவ்வளவு வளர்ந்திருந்ததோ, அங்கே. தட்டின் பக்கம் மாறியதும் உள்ளே தாக்கல் போய், வேர் புதிய கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தது. புரோட்டீன் வேலை செய்யாத நெல்லிலோ, திருப்பிய தட்டில் வேர் சுணங்கிச் சுணங்கி, பாதிதான் வளைந்திருந்தது.

மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்தார். “திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாமேண்ணே. நான் என்னையே சந்தேகப்பட்டுட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதற்கு முன் எடுத்த கணக்கெல்லாம் பிழைத்தது. அந்தப் பேட்ச் மட்டும் போயிற்று. திரும்ப விதைக்க வேண்டி வந்ததால் கப்பல் டிக்கெட்டைக் கேன்சல் செய்தார். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன்; தட்டை அளக்க வேண்டும் என்று வரவில்லை. என் மனைவி கொடுத்த அதிரசத்தை லேபுக்குக் கொண்டுபோனேன். அளந்துகொண்டே ஒன்றைத் தின்றார். ஆபீசில் என்மேல் புகார் எழுதவில்லை. பர்மனென்ட் ஆர்டர் அப்புறம் வந்தது, அது வேறு விஷயம்.

லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கை தவறுவது எல்லோருக்கும் நடக்கும். அதைச் சொல்லாமல் வைத்திருந்த இரண்டு நாளில், ஒழுங்காக வேலை செய்த ஒரு பெண் தன் கையையே நம்பாமல் போனாள். பேட்ச்சைத் திரும்ப விதைத்துவிட்டோம். அந்த இரண்டு நாளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.