லூஸா வுடு பாப்பா

தெருமுனையில் பள்ளி வேனின் ஆரன் கேட்டதும் அம்மாவின் விரல்கள் சில்லிட்டுப் போகும். தேங்காயெண்ணெய் தடவிய என் கணுக்காலைப் பிடித்திருக்கும் அந்த விரல்களின் குளிர்ச்சிதான், சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் நான் வளர்ந்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது.

மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவள் நான். இடது குதிகால் தரையில் படியாமல் தூக்கிக்கொண்டே நிற்கும். அதைத் தடவித் தளர்த்தி, கம்பி வைத்த 'பூட்ஸு'க்குள் இறக்கி, வாரை இழுத்துக் கட்டி என்னை வேனில் ஏற்றிய பிறகுதான் அம்மா கம்பெனி பஸ்ஸுக்கு ஓட முடியும். ஒப்பந்த வேலை, இன்னொரு முறை பஸ்ஸைத் தவறவிட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அம்மாவின் வேலை என் குதிகாலில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கும் தெரியும் என்பதுதான் கொடுமை.

"லூஸா வுடு பாப்பா, லூஸா வுடு, வேன் வந்துகினு கீது" என்பாள். அவள் குரல் இறுக இறுகக் கால் விறைக்கும். கால் விறைப்பதைப் பார்த்து அவளுக்குப் படபடப்பு இன்னும் ஏறும். "வேணும்னே பண்ணுது" என்பார்கள் பக்கத்து வீட்டில். அம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் சில நாள் என்னை ஒரு மாதிரி பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நான் பயந்து செத்தேன்.

ஒரு நாள் வேன் போய்விட்டது. பஸ்ஸும் போய்விட்டது. அம்மா சுவரில் சாய்ந்து, "போவட்டும்" என்றாள். என் காலிலிருந்து கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த விரல்கள் வெதுவெதுப்பாயின. குதிகால் தானாகவே பூட்ஸுக்குள் இறங்கியது. இரண்டு பேரும் அதையே பார்த்தோம். "அடிப்பாவி, இம்மா நேரம் இன்னா பண்ணே?" என்று சிரித்தவள், அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த வேலை போயிற்று. வேறு கம்பெனியில் சேர்ந்ததும் அம்மா முதல் காரியமாக வேன் டிரைவரிடம் போய், ஆரன் அடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். "சரி யக்கா, நான் சும்மா நிக்கிறேன். பாப்பாவ மெதுவா இட்டுகினு வா" என்றார் அவர்.

இப்போது அந்த வேனும் இல்லை, கம்பி வைத்த பூட்ஸும் இல்லை. லேசான பிளாஸ்டிக் பட்டைதான். என் ஆபீஸ் கேப் வந்தால் என் போன் அடிக்கிறது. நேற்றுக் காலை அது அடித்தபோது அம்மா அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, "போவட்டும் பாப்பா, வேற வண்டி வரும்" என்றாள், சிரித்த முகமாக. நானும் நம்பிக் காலை நீட்டினேன். குதிகால் இறங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.